யூடியூபிலேயே எல்லாம் இருக்கும்போது, வயதான ராக் இசைக்குழுவை நேரில் போய்ப் பார்ப்பது காசுக்குத் தகுமா?

கேட்டவர் தன் நிலைமையையும் சொல்லியிருக்கிறார்: பள்ளிக் காலத்திலிருந்து கேட்டுவரும் குழு, உறுப்பினர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று, டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, அவர்கள் பழைய வேகத்தில் வாசிப்பார்களா என்று சந்தேகம்.

போங்கள். ஆனால் "சரித்திரத்தையே நேரில் பார்க்கிறோம்" என்ற புல்லரிப்புக்காக மட்டும் போகாதீர்கள், அது மூன்றாவது பாட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கப்புறமும் ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் குழுவை யார் ஓட்டுகிறார், யார் யாருடைய முகத்தைப் பார்த்து வாசிக்கிறார், ஆல்பத்தில் கேட்டதில் எது ஸ்டுடியோ ஜோடனை, எது கைவேலை என்பதெல்லாம் பிடிபடும். கேமரா பாடகரையும் சோலோ வாசிப்பவரையும் விட்டு நகராது. யூடியூபில் இது கிடைக்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

நான் பார்த்தது அயர்ன் மெய்டன், இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் (ராக்கிலேயே இன்னும் கனமான, சத்தமான வகை) குழு. 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் கச்சேரி. ரோலிங் ஸ்டோன்ஸும் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸும் அதற்கு முன்பே அதே மைதானத்துக்கு வந்து போயிருந்தார்கள். ஆனால் ஹெவி மெட்டலில் இந்த அளவுக்குப் பெரிய குழு அதுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். பெட்டியில் பாதிக்கு மேல் கறுப்பு டி-ஷர்ட். எதிர் சீட் மாமி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் மாலை போட்டிருக்கேளா?" என்றார். நண்பன் திரும்பி உட்கார்ந்ததும் அவன் முதுகில் பல்லை இளித்துக்கொண்டிருந்த, மெய்டனின் சின்னமான எட்டி என்ற பூதத்தின் மண்டையோட்டைப் பார்த்தார். காட்பாடி வரை வாய் திறக்கவில்லை.

மைதானத்து ஏற்பாடுகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் புழுதி, வெயில், தண்ணீர் பாட்டிலுக்கு அநியாய விலை. நம் ஊர் பெரிய கச்சேரிகளில் இன்றும் மாறாத சங்கதி என்பதால் தாண்டிப் போகிறேன். முதலில் வாசித்தவர்களில் டெல்லியின் பரிக்ரமா ராக் குழு இருந்தார்கள், மெய்டனின் பேஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள், பாடகி லாரன் ஹாரிஸும் இருந்தார். பரிக்ரமா அன்று வாசித்த வாசிப்பின் பலன், அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் ராக் திருவிழாவில் மேடை கிடைத்தது.

மெய்டன் வருவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் யுஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஓடும். தெரியாதவர்களுக்கு அது நேரம் போக்கப் போடும் ஏதோ பழைய பாட்டு. தெரிந்தவர்கள் முதல் நோட்டிலேயே அலறத் தொடங்குவார்கள், ஏனென்றால் அது முடிந்தால் விளக்கு அணையும். கூட்டத்தில் யார் எவ்வளவு ஊறியவர் என்று அந்த நான்கு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேசட்டில் கேட்ட காலமெல்லாம் என்னைப் பொறுத்தவரை மெய்டன் என்றால் புரூஸ் டிக்கின்சனின் குரல்தான். நேரில் பார்த்தால் அது ஸ்டீவ் ஹாரிஸின் கடை. 1975இல் குழுவைத் தொடங்கியவர் அவர், பெரும்பாலான பாட்டுகளும் அவர் எழுதியவை. அதெல்லாம் முன்பே படித்து வைத்திருந்த தகவல். அன்று பார்த்தது அவர் வலது கையை. தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் துண்டான பிக் கிடையாது, விரல்தான். அந்தப் பிரசித்தி பெற்ற குதிரைப் பாய்ச்சல் தாளத்தை நம் வாயால் சொன்னால் 'தா-தக தா-தக தா-தக' என்று வரும். அதை இரண்டே விரலில், ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் விடாமல் ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டே மேடை விளிம்புக்கு ஓடி வந்து, வாசிப்பவர்களுக்கென்று மேடையில் வைத்திருக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் மேல் ஒரு காலை வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி போலக் கூட்டத்தை நோக்கித் திருப்புகிறார். வாய் மட்டும் ஒவ்வொரு வரியையும் டிக்கின்சனோடு சேர்ந்து முணுமுணுக்கிறது, மைக் எதுவும் இல்லாமலே. 51 வயது முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது அவருக்கு.

மூன்று கிட்டார் எதற்கு என்று மெய்டன் ரசிகர்களுக்குள் ஒரு ஓயாத சண்டை உண்டு. குழுவை விட்டுப் போயிருந்த டிக்கின்சனும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999இல் திரும்பி வந்தபோது, ஸ்மித்தின் இடத்தில் வாசித்துவந்த ஜானிக் கெர்ஸை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். கெர்ஸ் கிட்டாரைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், ஆடுவார், காலை ஸ்பீக்கர் மேல் தூக்கி வைப்பார், வாசிப்பதுதான் காணோம் என்பது அவர் மேல் உள்ள புகார். நானும் அந்தக் கட்சிதான், அன்று மாலை வரை. எண்பதுகளின் மெய்டனில் இரண்டு கிட்டாரும் ஜோடியாக மெட்டில் ஏறியதும் கீழே பேஸ் மட்டும்தான் தாங்கும். பழைய லைவ் பதிவுகளில் அந்த இடங்கள் கொஞ்சம் வெறிச்சென்று கேட்கும். இப்போது இன்னொரு கிட்டாரிஸ்ட் டேவ் மர்ரேயும் ஸ்மித்தும் மேலே போகும்போது கெர்ஸ் கீழே ரிதத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார். ஆடிக்கொண்டே, சரி. ஆனால் பிடித்துக்கொள்கிறார். 'ஹாலோட் பி தை நேம்' 1982 பாட்டு, அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அதற்கு ஆல்பத்தில் இல்லாத ஒரு கனம் இருந்தது.

டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னை என்னால் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. அத்தனை டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தலைமுடி மட்டும் அவ்வப்போது எழும்பும். செருப்பில்லாமல், பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர் அவர். மெட்டலில் இரட்டை பெடல் இல்லாமல் டிரம்மரே இல்லை என்று நினைப்பவர்கள் அவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய குழுக்களிடம் எனக்குப் பொதுவாக ஒரு கோபம் உண்டு. ஹிட் பாட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். மெய்டன் நேர்மாறு. 2006இல் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' வெளிவந்ததும், அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல் பாதியில் புது ஆல்பம் முழுவதையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தார்கள். ரசிகர்கள் பழைய பாட்டு கேட்டுக் கத்தியும் விடவில்லை. எங்களுக்கு வந்தது இரண்டாம் பாதி, அதனால் புதிது கொஞ்சம், பழசு நிறைய. அப்படியும் தொடக்கமே புதுப் பாட்டுதான். முப்பது வருடம் ஓடிய குழு, இதுவரை வராத ஊரில், தெரியாத பாட்டில் ஆரம்பிக்கிறது என்றால் அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்த இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மெட்டை ரசிகர்கள் சேர்ந்து பாடுவார்கள். வரிகளை இல்லை, கிட்டாரை. "ஓஓஓ ஓ ஓ" என்று. இந்தக் குழுவை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஊர் அது. எங்கே ஏற வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் எப்படித் தெரிந்தது? 2001இல் ரியோ டி ஜெனீரோவில் பதிவான மெய்டன் கச்சேரி, 'ராக் இன் ரியோ'தான் வாத்தியார். கல்லூரி ஹாஸ்டல்களில் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகக் கைமாறிய அந்த வீடியோவில் பிரேசில்காரர்கள் பாடியதை நாங்கள் வருடக் கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஹூப்ளியிலிருந்து வந்த ஒருவர், அந்தப் பக்கம் ஷில்லாங் பையன்கள். எங்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பேச அரைகுறை ஆங்கிலம்தான், ஆனால் அந்த மெட்டில் ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. டிக்கின்சன் பாடாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டார்.

அதே ராத்திரி வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை ஆட்டம், இந்தியாவும் வங்கதேசமும். நம் நேரத்துக்கு ஏழு மணிக்குத் தொடங்கியது. கச்சேரி முடிந்து காது ரெண்டும் 'ங்ங்ங்' என்று அடைத்த நிலையில் மேக்ரி சர்க்கிள் பக்கம் நடந்தால், ஒரு டீக்கடை டிவி முன்னால் ஊரே சோகமாக நிற்கிறது: இந்தியா 191 ஆல் அவுட். கறுப்புச் சட்டையில் இளித்துக்கொண்டு வந்த எங்களை அவர்கள் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. சத்தமாகக் கேட்டு டீ வாங்கினோம், எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை.

சரி, உங்கள் சந்தேகம் வயதைப் பற்றியது. 2007இல் மெய்டன்காரர்கள் ஐம்பதை ஒட்டியவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் இல்லை என்பது நியாயமான மறுப்பு. அப்புறம் நடந்ததையும் பாருங்கள். டிக்கின்சனுக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் என்று 2015இல் செய்தி வந்தது. சிகிச்சை முடித்து 2016இல் மறுபடி மேடை ஏறினார். நிக்கோவுக்கு 2023 ஜனவரியில் லேசான பக்கவாதம். அதே வருடமே சுற்றுப்பயணத்துக்கு வந்தார். 'தி ட்ரூப்பர்' பாட்டின் வேகமான உருட்டல்களை அவரால் பழையபடி வாசிக்க முடியவில்லை, எளிமையாக்கிக்கொண்டார். குழு அவரை மாற்றவில்லை, அவராக 2024 டிசம்பரில் சாவ் பாலோவில் கடைசி கச்சேரி வாசித்துவிட்டு நிறுத்தினார். அந்த உருட்டல்கள் இல்லாத 'ட்ரூப்பர்' தரம் குறைந்ததா என்றால், குறைந்ததுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2025இல் டிக்கெட் வாங்கியவர்கள் நிக்கோ இல்லாத மெய்டனைத்தான் பார்த்தார்கள். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நேர்வது இதுதான்.

போவதென்றால் மேடைக்கு ஒட்டின இடத்துக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். அங்கே டிரம்ஸும் மானிட்டர் சத்தமும்தான் முகத்தில் அறையும், குரல் தலைக்கு மேல் போய்விடும். மைதானத்து நடுவில் சவுண்ட் கன்சோல் வைத்திருக்கும் கூடாரத்தைத் தேடி அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள், ஒலியைச் சமன் செய்கிறவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் உங்களுக்கும் கேட்கும். மருந்துக்கடையில் காதடைப்பான் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கேட்டுக்கு ஓடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். டிரம்மர் குச்சியைக் கூட்டத்துக்குள் வீசுவது அப்போதுதான்.