கையேடு எழுதுபவருக்கு ஆய்வுக் கட்டுரை எதற்கு?

புதுச்சேரியில் 18 ஆண்டுகளாகக் கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் கையேடு எழுதுகிறேன். புதுவை, கடலூர் பக்கத்து டெக்னிக்கல் ரைட்டர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. பேராசிரியர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளால் நமக்கு நிஜமாகவே பயன் உண்டா?

சிலவற்றால் உண்டு. 1980களில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கரோல் என்பவர், கணினியில் கடிதம் அடிக்கப் பழகுகிறவர்களைக் கூடவே இருந்து கவனித்தார். கையேட்டை யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. நேரே வேலையில் இறங்கினார்கள், தப்பு செய்தார்கள், அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அதனால் முன்னுரைகளை வெட்டி, தப்பிலிருந்து மீளும் வழியைச் சேர்த்து, மெலிந்த கையேடு ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அதை வைத்துப் பழகியவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். இதைப் படித்த பிறகு ‘இந்தக் கையேட்டைப் பற்றி’ என்ற அத்தியாயத்தை நான் எழுதுவதே இல்லை.

கடலூர் முதுநகரிலிருந்து: ‘செய்முறையில் ஏழு படிக்கு மேல் கூடாது, ஆராய்ச்சியே சொல்கிறது’ என்கிறார் மேனேஜர்.

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ‘ஏழு’ என்ற எண்ணை வைத்து எழுதிய கட்டுரை படும் பாடு இது. கேட்டதை உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் எத்தனை நினைவில் நிற்கும் என்பது போன்றவைதான் அங்கே பேச்சு. கையேடு கண் முன்னால் விரிந்து கிடக்கும்போது மனப்பாடம் எதற்கு? பன்னிரண்டு படி என்றால் பன்னிரண்டும் எழுதுங்கள். மேனேஜரிடம் மில்லரைக் காட்டுங்கள், என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

சேதராப்பட்டிலிருந்து: வெளிநாட்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு எங்கள் ஷிஃப்ட் ஆபரேட்டருக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். படம் ஓரிடத்தில், விளக்கம் வேறிடத்தில் இருந்தால் கற்பது கெடும் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரின் குழு காட்டியது. நான் எழுதிய பம்பு கையேடு ஒன்றில் வால்வு எண்கள் படத்தில், பெயர்கள் அடுத்த பக்கத்தில். ஆலைக்குப் போனால் ஆபரேட்டர் ஒருவர் படத்தை மட்டும் கிழித்துப் பேனலில் ஒட்டி, பெயர்களைப் பேனாவால் எழுதியிருந்தார். ஸ்வெல்லரை அவர் படித்திருக்கவில்லை, தப்பு செய்தவன் நான்தான். ஆனால் அதே ஆய்வு வரிசையில் இன்னொன்றும் வந்தது: தொழில் தெரிந்தவருக்குக் கூடுதல் விளக்கம் இடைஞ்சலாகும். உங்கள் ஆபரேட்டர் புதியவரா, பழம் தின்று கொட்டை போட்டவரா என்று முதலில் பாருங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பாதிக் கட்டுரைகள் காசு கேட்கின்றன.

கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடுங்கள், சில சமயம் வலப்பக்கத்தில் இலவசப் பிரதி இருக்கும். இல்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். கிடைத்ததும் யாரை வைத்து, என்ன வேலை கொடுத்துச் சோதித்தார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதில் உங்கள் வாசகர் போல ஒருவரும் இல்லையென்றால் மூடிவிடலாம்.