பெயரை வைத்தே என் விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்களா? ஒரே பயோடேட்டாவை இரண்டு பெயரில் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

முப்பது இடத்துக்கு அனுப்பினால் தெரியாது. பத்துக்கு ஒரு அழைப்பு என்று வையுங்கள். ஒரு பெயருக்கு மூன்று, இன்னொன்றுக்கு இரண்டு வரும். அது தற்செயலாகவும் வரும். 10 சதவீதத்துக்கும் 7 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க, ஒவ்வொரு பெயருக்கும் சுமார் 1,350 விண்ணப்பம் தேவை. தனி ஆளால் ஆகாது. அதனால்தான் பதில் வராதவர்கள் "எனக்குத்தான் தகுதி போதவில்லை" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்தியாவில் இதை முறையாகச் செய்தவர்களில் இருவர், பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டெவெலும். 66 வாரம், தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. சாதி, மதம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, பெயர்தான் காட்டிக்கொடுத்தது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. (1 என்றால் வாய்ப்பு சமம், அதற்குக் கீழே போகப் போகக் குறைவு. 67 சதவீதம் பேரை அழைத்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது.) "தகுதி குறைவாக இருந்திருக்கும்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: தகுதியைச் சமமாக வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். இடஒதுக்கீட்டையும் இழுக்காதீர்கள், இவை தனியார் வேலைகள்.

இப்படிப்பட்ட சோதனை கெட்டுப்போவது சின்ன விஷயங்களில். இரண்டு பயோடேட்டாவும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். வேறாக இருந்தால் எது நல்ல பயோடேட்டா என்ற கேள்வி வரும். ஆகவே எந்தப் பெயர் எந்தப் பயோடேட்டாவில் என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போன் எண், மின்னஞ்சல் தனித்தனியாக வேண்டும். முகவரியில் தெருப்பெயர் எழுதினால் அதுவே சாதியைச் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். நாம் பெரும்பாலும் இனிஷியலோடு நிறுத்துகிறோம். "ர. குமார்" என்பதில் மதத்தை ஊகிக்கலாம், சாதியை முடியாது. அதனால் சாதி பார்த்து வடிகட்டுவது இங்கே நேர்முகத்துக்குத் தள்ளிப்போகிறது: "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" டெல்லி வட்டாரத்தில் ஆளெடுக்கும் மேலாளர்களிடம் பேசிய சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆய்விலும் குடும்பப் பின்னணிக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

கணக்கர் வேலைக்கு அப்பாவின் தொழில் எதற்கு? எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, தேர்வாளர்கள் கலந்து பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண். பைசா செலவில்லாத இந்த முறையைக்கூடப் பல நிறுவனங்கள் இன்னும் கடைப்பிடிப்பதில்லை.