காரைக் கட்டுவதா, சக்கரத்தைக் கட்டுவதா?

கேள்வி: அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பல வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். நண்பரிடம் பொலிரோ இருக்கிறது, கார் ஏற்றும் டிரெய்லர் ஒன்றும் இரவலாகக் கிடைத்திருக்கிறது. முன்னும் பின்னும் பம்பரில் நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் கார் ஆடவே ஆடாது என்கிறார் நண்பர். அது போதுமா?
- வாசகர், பல்லாவரம்

பதில்: போதாது. தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீர்கள். பம்பர் என்பது இந்த இழுவைக்காகச் செய்தது அல்ல, அதுவும் இத்தனை வருஷம் துருப்பிடித்த பம்பர் எந்த மேட்டில் பிய்த்துக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலம் பாதி வரை குறையும்.

அதைவிட முக்கியமானது, கார் ஆடக்கூடாது என்று உங்கள் நண்பர் நினைப்பது. காருக்கு ஸ்பிரிங் இருக்கிறது, பள்ளத்தில் டிரெய்லர் விழும்போது பாடி கீழே அமுங்கித்தான் எழும். பாடியில் கட்டியிருந்தால் அது அமுங்குகிற அந்த நொடியில் பெல்ட் தளரும், கொக்கி வளையத்திலிருந்து நழுவும். நழுவாவிட்டாலும் பாடி மேலே எழும்போது ஒரே வெட்டாக இழுபடும். அந்த வெட்டில்தான் கட்டு அறுகிறது. அதனால் கட்ட வேண்டியது சக்கரத்தை. டயரின் மேல் சுற்றிப் போடுகிற வீல் பெல்ட் கிடைக்கிறது, அதை நாலு சக்கரத்துக்கும் போட்டு இரண்டு முனையையும் டிரெய்லரோடு ராட்செட்டில் (கைப்பிடியால் நெம்பி இறுக்கும் பூட்டு) இறுக்கிவிட்டால் சக்கரம் அசையாது, மேலே பாடி தன் ஸ்பிரிங்கில் எப்படி வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும்.

ஆனால் உங்கள் காரில் ஒரு சிக்கல் இருக்கலாம். பல வருஷம் நின்ற கார் என்றால் டயர் வெடிப்பு விட்டிருக்கும். வழியில் காற்று இறங்கினால் வீல் பெல்ட்டும் தளர்ந்துவிடும். முதல் நாளே காற்றடித்து வைத்து, காலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் பழைய டயராவது வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. அதுவும் முடியாதென்றால் சேசிஸில், அதாவது காரின் அடிச்சட்டத்தில் கட்டலாம். இன்றைய கார்களில் பெரும்பாலும் பாடிதான் சேசிஸ், ஹெரால்டுக்கோ தனிச் சேசிஸ் உண்டு, இந்த விஷயத்தில் அது பெரிய வசதி. துரு தின்னாத இடமாகப் பார்த்து, ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும் அளவுக்குக் கீழ்நோக்கி இறுக்குங்கள். முன்னால் இரண்டு பெல்ட் முன்பக்கமாக இழுக்கட்டும், பின்னால் இரண்டு பின்பக்கமாக. பின்னவை இரண்டையும் குறுக்காகப் போடுங்கள், இடது கொக்கி வலது வளையத்துக்கு, வலது இடதுக்கு. நேராகப் போட்டால் முன்பின் நகர்வு மட்டும்தான் நிற்கும், வளைவில் கார் பக்கவாட்டில் நகர்வதைக் குறுக்குக் கட்டுதான் பிடிக்கும். எதில் கட்டினாலும் பெல்ட் பிரேக் பைப்பின் மேல் அழுந்தக்கூடாது. ஸ்டீயரிங் ராடில் கொக்கியே போடாதீர்கள்.

பெல்ட் வாங்கும்போது கடைக்காரர் ‘5 டன் தாங்கும்’ என்பார். பல நேரம் அது அறுந்துபோகும் கணக்கு, வேலைக்கு நம்பக்கூடிய கணக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தர விதிப்படி செய்தது என்றால் பாலியெஸ்டருக்கு நீலச் சீட்டு, நைலானுக்குப் பச்சை. நீலத்தை வாங்குங்கள், அது அவ்வளவாக நீளாது. அதில் எல்.சி. (வேலைக்கு நம்பக்கூடிய பலம்) 2500 என்று போட்டிருந்தால் நேராக இழுக்கும்போது சுமார் 2500 கிலோ வரை நம்பலாம். உங்கள் ஹெரால்டு ஏறத்தாழ 800 கிலோ. அந்த விதிகள் பெரிய பிரேக்குக்கு எடையில் 0.8 மடங்கு முன்னால் தள்ளும் என்றும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி தள்ளும் என்றும் கணக்கு வைக்கின்றன. அதாவது முன்னால் 640 கிலோ, மற்றபடி 400. நல்ல பெல்ட் நாலு இருந்தால் பெல்ட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆனால் அது மாட்டியிருக்கும் வளையம் டிரெய்லரின் சட்டத்தில் வெல்டிங் செய்ததா, வெறும் தகட்டில் ஒட்டியதா என்று குனிந்து பாருங்கள்.

காரை முன்முகமாக ஏற்றுங்கள். எஞ்சின் முன்னால் இருக்கிறது, எடை பொலிரோ பக்கம் விழ வேண்டும். மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பொலிரோவின் இழுவைக் கொக்கியின் மேல் இருந்தால் சரி. பின்னால் கனத்தால் வேகம் ஏற ஏற டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், பிறகு பிடிக்க முடியாது. ஹெரால்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அதன் பானெட் முன்பக்கம் கீலோடு முழுசாகத் திறப்பது, பின்முகமாக ஏற்றினால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஏற்றியதும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்தால் பிடித்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

அப்புறம், ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி ராட்செட்டை மறுபடி இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரிலேயே கட்டு படிந்து தளரும், எல்லோருக்கும் அப்படித்தான். மதுராந்தகத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் எலெக்ட்ரிக் காரை ஏற்றிப்போக வந்த ஃபிளாட்பெட் வண்டிக்காரர், வின்ச் கம்பியைத் தவிர வேறெதுவும் கட்டாமல் கிளம்பினார். அது சரிதானா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: சரியில்லை. வின்ச் காரை மேலே இழுப்பதற்கு மட்டும்தான். முன்னால் ஒரே கம்பி, பின்னால் ஒன்றுமில்லை என்றால் திடீர் பிரேக்கில் காரை நிறுத்த எதுவும் இல்லை. அடுத்த முறை குறைந்தது பின் சக்கரம் இரண்டுக்காவது வீல் பெல்ட் போடச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புங்கள், அவசரம் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். எலெக்ட்ரிக் காரை மோட்டார் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகவும் விடக்கூடாது. சக்கரம் சுற்றும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். ஏற்றும்போது எந்த மோடில் வைக்க வேண்டும் என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும். வெள்ளம் புகுந்த காரைச் சோதிக்காமல் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: ராட்செட் பெல்ட்டில் ஓரமாகச் சின்னக் கிழிசல். தைத்துப் பயன்படுத்தலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது, முடிச்சும் போடாதீர்கள். கிழிந்த இடத்திலிருந்துதான் பெல்ட் அறுபடத் தொடங்கும். வெயிலில் வெளுத்து விறைத்த பெல்ட்டையும் தூக்கிப் போடுங்கள், போடும் முன் இரண்டாக வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துக் கட்டாதபடி.