விருந்தாளி அவளுக்கு 20, எனக்கு 6... செலவு மட்டும் பாதிப் பாதியா?

கேள்வி: நானும் என் ரூம்மேட்டும் போன மாதம்தான் ஒரு வாடகை வீட்டுக்குச் சேர்ந்து குடிவந்தோம். நண்பர்களைக் கூப்பிட்டு ஹவுஸ்வார்மிங் பார்ட்டி வைக்கலாம் என்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் வரப்போகும் 30 பேரில் 20 பேர் அவளுடைய ஆட்கள். என் பக்கம் 6 பேர், இருவருக்கும் பொதுவானவர்கள் 4 பேர். செலவைச் சரிபாதியாகப் போடலாம் என்கிறாள். பார்ட்டிக்கு முன்னால் ஒரு சோபாவும் பாதிப் பாதி போட்டு வாங்க வேண்டுமாம். அட்வான்ஸ் கொடுத்ததிலேயே என் சேமிப்பு கரைந்துவிட்டது. கிரெடிட் கார்டில் பாக்கியும் நிற்கிறது. கணக்குப் பேசினால் கஞ்சம் என்று நினைப்பாளோ என்று வாயைத் திறக்காமல் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கார்டு, அப்புறம் பார்ட்டி. பில் தொகையை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைத்திருந்தால், பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத அவகாச நாட்கள் புதிய செலவுக்கும் கிடைக்காது. பார்ட்டிக்காகத் தேய்க்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாதம் 3 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 36 என்றுதான் மனம் கணக்குப் போடும். கட்டாமலே விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி 42.6 சதவீதம் ஆகிவிடும். ஆகவே கார்டை உள்ளே வையுங்கள். வாடகை, வீட்டுச் செலவு, கார்டு பாக்கி எல்லாம் போக இந்த மாதம் கையில் என்ன மிஞ்சும்? அதுதான் உங்கள் உச்சவரம்பு. எத்தனை பேர், என்ன சாப்பாடு என்பதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சுவது ஒன்றுமே இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். குடிவந்து இரண்டு மாதம் கழித்து பார்ட்டி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது பங்கு. மொத்தச் செலவை 100 என்று எடுத்துக்கொள்வோம். அலங்காரம், விளக்கு, சுத்தம் செய்வது போன்றவை எத்தனை பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கு 40. மீதி 60 சாப்பாடு, பானம். இது தலைக்கணக்கு, ஆளுக்கு 2 வீதம். பொதுச் செலவில் இருவருக்கும் 20, 20. தலைக்கணக்கில் அவளுடைய 20 பேருக்கு 40, உங்கள் 6 பேருக்கு 12. பொது நண்பர்கள் 4 பேருக்கான 8-ஐ ஆளுக்கு 4 என்று பிரித்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் அவளுக்கு 64, உங்களுக்கு 36.

நானாக இருந்தால் இந்த 36-க்காக மல்லுக்கு நிற்க மாட்டேன். 60-க்கு 40 என்று முடித்துக்கொள்வேன். ஒரே கூரைக்குள் இருப்பவர்களிடையே கடைசி நாணயம் வரை பிரிப்பதில் லாபத்தைவிடக் கசப்புதான் அதிகம். ஆனால் 50 என்பது வேறு கதை. தாட்சண்யம் தன நாசம்.

சோபாவைப் பார்ட்டிக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பார்ட்டி ஒரு ராத்திரியில் முடியும், சோபா வருஷக்கணக்கில் கிடக்கும். ரூம்மேட்டுகள் பிரியும்போது இப்படிப் பாதிப் பாதி போட்டு வாங்கிய சாமான்களால் சண்டை வரலாம். ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர் இருப்பதே நல்லது. சோபாவை அவள் முழுதாக வாங்கட்டும். கையில் பணம் சேர்ந்த பிறகு வீட்டுக்கு வேண்டிய வேறொன்றை நீங்கள் வாங்குங்கள். சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால், பிரியும்போது என்ன கணக்கு என்பதை இப்போதே எழுதிவையுங்கள். ஆயுள் 36 மாதம் என்று பேசிக்கொண்டு, 12 மாதத்தில் ஒருவர் கிளம்பினால் மீதி மதிப்பு விலையில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் பாதியை, அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கை, சோபாவை வைத்துக்கொள்பவர் கிளம்புகிறவருக்குக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அவளுடைய விருந்தாளி கதவை உடைத்தாலும் வீட்டுக்காரர் பொது அட்வான்ஸிலிருந்துதான் கழிக்கப் பார்ப்பார். யார் அழைத்தவரோ அவர் பொறுப்பு என்று உங்களுக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பார்ட்டிக்கு முன்பு ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்துவையுங்கள். பரிசு வந்தால், கொடுத்தவர் யாருடைய நண்பரோ அவருக்கே. அதைச் செலவில் கழிக்க வேண்டாம்.

எப்படிப் பேச்சை எடுப்பது? பங்கிலிருந்து ஆரம்பித்தால்தான் கஞ்சத்தனமாகத் தெரியும், உங்கள் வரம்பிலிருந்து ஆரம்பியுங்கள். "இந்த மாதம் என்னால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் எப்படிச் செய்யலாம், நீயே சொல்" என்று கேளுங்கள். அவள் சரி என்றதும் இருவர் பங்கையும் முன்கூட்டியே ஓரிடத்தில் போட்டுவிட்டு அதிலிருந்து மட்டும் செலவு செய்யுங்கள். "இப்போ நீ கொடு, அப்புறம் தர்றேன்" என்ற பேச்சுக்கு இடமே வைக்காதீர்கள். இதெல்லாம் அழைப்பு போவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.