இரண்டு தோணியில் கால்

கேள்வி: கிண்டில் (மின்நூல் படிக்கும் ஈ-ரீடர் கருவி) வாங்கியதிலிருந்து புத்தகக் கடைக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது. கடைக்காரருக்குத் துரோகம் செய்கிறேனோ?

பதில்: நானும் உங்கள் கட்சிதான். எட்டு வருஷமாக இரண்டு தோணியிலும் கால், இன்னும் விழவில்லை.

600 பக்க நாவல் என்றால், இலவச மாதிரியை இறக்கி முதல் அத்தியாயம் படிப்பேன். பிடித்துவிட்டால் கடைக்குப் போய்க் காகிதப் பிரதி. ஒரு தடவை படித்தால் போதும் என்கிற துப்பறியும் கதைகள் கருவியிலேயே. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் கருவியில் நான் தேடியதுதான் கிடைக்கும். போன மாதம் அகராதி வாங்கப் போனவன், பக்கத்து அடுக்கிலிருந்த தேனீக்கள் பற்றிய ஒல்லிப் புத்தகத்தோடு திரும்பினேன். முதுகு வெளுத்து, மேல் விளிம்பில் விரல் பதியும் அளவு தூசி. ‘தேனீ’ என்று எந்தத் தேடல் பெட்டியிலும் நான் தட்டியிருக்கவே மாட்டேன். (அகராதி? மறந்தே போனேன்.)

கடைக்காரர்களே கருவியைக் கையில் எடுத்த கதையும் உண்டு. ஜெர்மனியில் பெரிய புத்தகக் கடைகள் கூட்டுச் சேர்ந்து 2013-ல் ‘டோலினோ’ என்ற ஈ-ரீடரைக் கொண்டுவந்தன. காகிதம் விற்கிற அதே கடையில் அதுவும் விற்பனைக்கு.

உங்கள் கூச்சத்துக்கு ஒரே ஒரு இடம்தான் பொருத்தம்: கடையில் அரைமணி நேரம் புரட்டிவிட்டு, அங்கேயே நின்று கைப்பேசியில் மின்நூலை வாங்குவது. வாசலையாவது தாண்டிவிட்டு வாங்குங்கள்.