அன்சியும் அந்த மஞ்சள் நிறமும்

அன்புள்ள ஐயா,

குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரலாற்று வரைபடத்தில் தாங் வம்சத்துச் சீனா பாமீர் மலை வரை ஒரே மஞ்சளாக இருக்கிறது. மேற்கு ஓரத்தில் ‘அன்சி காப்பகம்’ (எல்லைப் பகுதியைக் காக்கும் படை நிர்வாகமாம்) என்று போட்டிருக்கிறார்கள். சீனா அங்கே உண்மையிலேயே ஆட்சி செய்ததா? எத்தனை ஆண்டுகள்? டாலஸ் போரில் தோற்றதால்தான் அது கைவிட்டுப் போனதா? இன்றைய சின்ஜியாங் விவகாரத்தில் வரலாறு யார் பக்கம்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் அன்சியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே பதில். உங்கள் கடைசிக் கேள்வியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். எட்டாம் நூற்றாண்டுப் படைமுகாமைக் காட்டி இன்றைக்கு அந்த மண் யாருக்கு என்று பேசுவது வெட்டி வேலை, படிக்கிற பிள்ளை அதில் இறங்கக் கூடாது. டாலஸும் காரணமில்லை. 751-இல் அங்கே அரபுப் படையிடம் தோற்ற பிறகும் முகாம்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. 755-இல் ஆன் லுஷான் என்ற தாங் தளபதியின் கலகம் வெடித்து, நல்ல படைகளையெல்லாம் கிழக்கே கூப்பிட்டுக்கொண்டார்களே, அதுதான் அடி.

எனக்கு எரிச்சலே அந்த மஞ்சள்தான். இன்றைய சின்ஜியாங்கின் பாலைவனச் சோலை ஊரான குச்சாவில் ஒரு தளபதி, கோத்தான், காஷ்கர் போன்ற ஊர்களில் படை, பக்கத்திலேயே உள்ளூர் அரசர்கள் அவரவர் அரியணையில். இதற்கு எந்த நிறம் அடிப்பீர்கள்? கிழக்கே அன்டோங் என்ற இன்னொரு காப்பகத்தைப் பாருங்கள். 668-இல் கொரிய அரசான கொகுர்யோவை வீழ்த்திப் பியோங்யாங்கில் வைத்த காப்பகம், 676-இல் லியாவோதுங்குக்கு மூட்டை கட்டிவிட்டது. இடம்தான் போனது, பெயர் அப்படியே இருந்தது. இதையெல்லாம் பார்க்காமல் வண்ணத்தை மனப்பாடம் செய்வதற்குப் பெயர் படிப்பா?

ஆட்சி இருந்ததா என்று கேட்டீர்கள். கோத்தான் பக்கம் பாலைவனத்தில் தண்டான் ஓய்லிக் என்ற இடத்தில் கிடைத்த கடன் பத்திரங்களைப் பாருங்கள், எப்படிப்பட்ட ஆட்சி என்று தெரியும். 764 தொடங்கி, சீனாவை மேற்கோடு இணைத்த கான்சு வழித்தடத்தின் ஊர்களை ஒவ்வொன்றாகத் திபெத்தியர் பிடித்துவிட, அன்சிக்கும் தலைநகர் சாங்கானுக்கும் நேர்வழி இல்லாமல் போயிற்று. இந்த நிலைமையில் ஹுவோ சின்யுவே என்ற அலுவலர், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஹுகுவோ கோவில் துறவி சியான்யிங்கிடம் தினை கடன் வாங்குகிறார். பத்திரத்தில் போட்ட தேதி ‘தாலி 17-ஆம் ஆண்டு’. தாலி என்பது பேரரசர் தம் ஆட்சிக்காலத்துக்கு வைத்த ஆண்டுக்கணக்கின் பெயர். அப்படி ஒரு ஆண்டே கிடையாது, தம்பி! தாலி ஆண்டுக்கணக்கு 14-ஓடு, அதாவது 779-ஓடு முடிந்துவிட்டது. பேரரசர் செத்து, மகன் பட்டத்துக்கு வந்து, ஆண்டுக்கணக்கின் பெயரே ஜியான்சோங் என்று மாறியிருந்தது. அது தெரியாமல் இவர்கள் பழைய கணக்கையே ஒழுங்காக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அன்சியின் தளபதி குவோ சின் அனுப்பிய தூதர்கள் உய்குர் நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு 781-இல்தான் சாங்கான் போய்ச் சேர்ந்தார்கள். மறு ஆண்டு ஏழாம் மாதம், அதே துறவியிடம், மா லிங்சுவாங் என்ற இருபது வயது சிப்பாய் ஆயிரம் காசு வட்டிக்கு வாங்குகிறான். இந்தப் பத்திரத்தில் தேதி ஜியான்சோங் 3. சேதி வந்துவிட்டது! கூடவே பொறுப்பேற்பவர்கள் அவனுடைய ஐம்பது வயது அம்மாவும் பன்னிரண்டு வயதுத் தங்கையும். காசு திரும்பாவிட்டால் வீட்டுச் சாமானையும் மாட்டையும் துறவி ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நிபந்தனை. அந்தச் சிறுமியைப் பற்றி நினைக்காமல் என்னால் அன்சியைப் பற்றிப் பேச முடிவதில்லை.

இத்தனை விசுவாசத்துக்குப் பேரரசர் டெசோங் என்ன செய்தார் தெரியுமா? தலைநகரில் சூ சி என்ற தளபதி கலகம் செய்தபோது, உதவிக்கு வந்தால் அன்சியையும் அதன் பக்கத்துக் காப்பகமான பெய்டிங்கையும் தந்துவிடுகிறேன் என்று திபெத்தியருக்கு வாக்குக் கொடுத்தார். எல்லையைக் காக்கிறவர்களைத் தூக்கிக் கொடுப்பதா என்று ஆலோசகர் லி பி எதிர்த்ததால் அது நின்றது. 790-இல் பெய்டிங் விழுந்தது. அப்புறம் அன்சி இருக்கிறதா இல்லையா என்றே சாங்கானில் யாருக்கும் தெரியவில்லை.

சரி, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டிருந்தீர்கள். தேர்வுக்கு 640 முதல் சுமார் 800 வரை, நடுவில் 670-இல் திபெத்தியரிடம் போய் 692-இல் உறுதியாகத் திரும்பியது என்று எழுதுங்கள், மார்க் போடுவார்கள். அடுத்த கடிதத்தில் வரைபடம் வேண்டாம், கோத்தான் அரசர்களைப் பற்றி ஏதாவது படித்துவிட்டுக் கேளுங்கள்.