மழை வந்தா ஆர்சிசிபி ட்ரிப் ஆகுதா? கழட்டிடாதீங்க

கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: மழை பேஞ்சாலே வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற சுவிட்ச்) விழுந்துடுது, ராத்திரி விழுந்தா காலைல ஃப்ரிட்ஜ்ல வெச்ச மீனெல்லாம் நாறிப்போவுது, எலக்ட்ரீஷியன் "இதை எடுத்துட்டு டைரக்ட் குடுத்துடறேன், அதான் எம்சிபி இருக்குல்ல"ங்கறார், செய்யலாமா?

வேணாங்க்கா. எம்சிபி வயர் எரியாம பாத்துக்கும், அவ்ளோதான். 16 ஆம்பியர் எம்சிபின்னா 16,000 மில்லி ஆம்பியர் தாண்டினாதான் அது அசையவே ஆரம்பிக்கும், ஆனா நெஞ்சு வழியா 100 மில்லி ஆம்பியர் போனாலே ஆள் காலி. ஆர்சிசிபி என்ன பண்ணுதுன்னா, ஃபேஸ்ல போன கரண்ட் முழுசா நியூட்ரல்ல திரும்பி வருதான்னு கணக்கு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைஞ்சா அது ஈரச் சுவர் வழியாவோ யாரோ கை வழியாவோ மண்ணுக்கு இறங்குதுன்னு அர்த்தம், உடனே கட் பண்ணிடும். உங்க வீட்ல எங்கயோ லீக் இருக்கு, அது சரியாத்தான் சொல்லுது.

எங்கன்னு கண்டுபிடிக்கணும். மழையில மட்டும்னா முக்கால்வாசி வெளிய இருக்கற சாமான்தான்: மொட்டை மாடி லைட் ஹோல்டர், மோட்டார் டெர்மினல் பாக்ஸ், கேட்டு பக்கத்து காலிங் பெல் சுவிட்ச். நம்ம ஊர் உப்புக்காத்துல அந்த பெல் பாக்ஸைத் தொறந்தா உள்ள எறும்புக் கூடு, செம்பு முனையெல்லாம் பச்சை பூத்து, ஸ்க்ரூ துருவேறி... மழைச்சாரல் கொஞ்சம் பட்டாப் போதும்.

அடுத்த தடவை விழும்போது வீட்ல எல்லா பிளக்கையும் புடுங்கிட்டு ஆர்சிசிபியைத் தூக்கிப் பாருங்க. சுவிட்ச் ஆஃப் பண்ணா பத்தாது, ஏன்னா சுவிட்சும் சிங்கிள் போல் எம்சிபியும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொட்டுக்கிட்டுதான் இருக்கும், அந்த நியூட்ரல் மிஷின் பாடியில பட்டிருந்தாலும் ட்ரிப் ஆகும். இதை மறந்துட்டுதான் நிறைய பேர் எம்சிபி எல்லாத்தையும் இறக்கிட்டு "ஆர்சிசிபியே ரிப்பேர்"னு புதுசு வாங்கி மாட்டறாங்க, காசுதான் தண்டம். பிளக் எல்லாம் புடுங்கினதும் நின்னுச்சுன்னா ஒவ்வொண்ணா மாட்டுங்க, எது மாட்டும்போது விழுதோ அதான் திருடன். அப்பவும் விழுதுன்னா லீக் வயரிங்லயோ, நேரா வயர் இழுத்த லைட்டு பெல்லுலயோ. நியூட்ரலை ஒவ்வொண்ணா கழட்டி மெக்கர் (வயர் இன்சுலேஷன்ல லீக் இருக்கான்னு காட்டற மீட்டர்) வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, மெக்கர் இல்லாத ஆளுன்னா வேற ஆளைக் கூப்பிடுங்க.

அப்படியே எர்த்தையும் பாத்துடுங்க. தானே புயலுக்கு, அதாவது 2011-க்கு முன்னாடி அடிச்ச ஜிஐ பைப்பும் கம்பியும்னா கிளாம்ப் கிட்ட துரு தின்னு விரல் வெச்சாலே உதிரலாம், வெளிய பாத்தா கம்பி இருக்கற மாதிரியேதான் தெரியும். சில பேர் எர்த் இல்லன்னு பிளக் பாயின்ட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் லூப் போட்டுடறாங்க, இத விடக் கொடுமை கிடையாது, எங்கயாச்சும் நியூட்ரல் அறுந்துச்சுன்னா ஃப்ரிட்ஜ் பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும். உங்க வீட்ல அப்படி இருக்கான்னு கேளுங்க.

ஆர்சிசிபி இருக்குன்னு அசட்டையாவும் இருக்காதீங்க. ஒரு கை ஃபேஸ்லயும் ஒரு கை நியூட்ரல்லயும் பட்டு, கால்ல காஞ்ச ரப்பர் செருப்பு இருந்துச்சுன்னா கரண்ட் மண்ணுக்கே போகாது, அதுக்கு தெரியவே தெரியாது. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, விழலன்னா மாத்துங்க. ஆனா பட்டன் விழுந்தா எர்த் நல்லாருக்குன்னு நினைச்சுடாதீங்க, அது வேற இது வேற.

மீன் விஷயத்துக்கு வழி இருக்கு: ஃப்ரிட்ஜுக்கு நியூட்ரலோட தனி லைன் இழுத்து ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (ஆர்சிசிபி, எம்சிபி ரெண்டு வேலையும் ஒண்ணா பண்றது) மாட்டச் சொல்லுங்க, அந்த லைன் பழைய ஆர்சிசிபிக்கு முன்னாடியே பிரியணும், அப்புறம் மாடி லைட் நனைஞ்சு பழைய ஆர்சிசிபி விழுந்தாலும் ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு ஓடும். எலக்ட்ரீஷியன் "ஃப்ரிட்ஜை மட்டும் ஆர்சிசிபி இல்லாம குடுத்துடலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, ஈரக் கையோட அதிகமா தொடறது அந்தக் கதவைத்தான்.